இந்த எண் எங்கிருந்து வந்தது? மருத்துவக் கருவி வடிவமைப்புக்குப் புதிதாக வருபவர்களுக்கு

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். கருவி தயாராகிவிட்டது, மாதிரிகள் ஓடிக்கொண்டிருந்தன, அதை எப்படி வடிவமைத்தோம் என்று காட்டும் கோப்பு மட்டும் இல்லை. ஆடிட் தேதி வந்துவிட்டதால், பழைய மின்னஞ்சல்களிலிருந்தும் நினைவிலிருந்தும் மூன்று வாரம் இரவுபகலாக ஒரு கோப்பை எழுதி முடித்தோம். ஆடிட்டர் வந்தார். நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து ஒரு வரியில் விரலை வைத்தார். "பேட்டரி 3 மணி நேரம் தாங்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த 3 எங்கிருந்து வந்தது?"

எங்களிடம் பதில் இல்லை. கைக்குக் கிடைத்த பேட்டரி 3 மணி நேரம் தாங்கியது, அதனால் 3 என்று எழுதியிருந்தோம். அடுத்த பத்து நிமிடத்தில் இன்னொன்றையும் கண்டுபிடித்தார். சோதனை அறிக்கையின் தேதி, சோதனைத் திட்டத்தின் தேதிக்கு நான்கு நாள் முந்தியிருந்தது. பிள்ளை பிறந்த பிறகு கல்யாணப் பத்திரிகை அடித்த கதை.

டிசைன் கண்ட்ரோல், அதாவது வடிவமைப்பைக் கட்டுப்பாட்டோடு நடத்தும் முறை, என்றால் படிவம் நிரப்பும் வேலை என்றுதான் புதிதாக வரும் பலரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது யாராவது கேட்டால் இரண்டே கேள்விகளைச் சொல்வேன். கருவியில் இருக்கும் ஒவ்வொரு எண்ணையும் பார்த்து, இது எங்கிருந்து வந்தது? கருவி அதைச் செய்கிறது என்று எப்படித் தெரியும்? இந்த இரண்டுக்கும் பதில், வேலை நடக்கும்போதே எழுதப்பட்டிருக்க வேண்டும். மற்றதெல்லாம் இதற்கான ஏற்பாடு.

விதி வந்த கதை

அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்டிஏ, 1983 அக்டோபர் முதல் 1989 செப்டம்பர் வரை சந்தையிலிருந்து நிறுவனங்களே திரும்பப் பெற்ற கருவிகளை ஆராய்ந்தது. திரும்பப் பெறக் காரணமான தரக் குறைபாடுகளில் ஏறத்தாழ 44% வடிவமைப்பிலேயே இருந்த கோளாறுகள். தொழிற்சாலைக்காரர் வரைபடத்தில் இருந்தபடியேதான் செய்திருக்கிறார், வரைபடமே தப்பு. அதுவரை இருந்த விதிகள் உற்பத்தியைத்தான் முக்கியமாகக் கவனித்தன. 1990இல் வந்த சட்டம் வடிவமைப்பையும் கட்டுப்படுத்தும் அதிகாரத்தைக் கொடுத்தது. 1996 அக்டோபர் 7 அன்று புதிய விதி வெளியாகி, 1997 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மூத்தவர்கள் வாயில் அடிக்கடி வரும் 820.30 என்பது அந்த விதியில் டிசைன் கண்ட்ரோலுக்கான பிரிவு.

2026 பிப்ரவரி 2 முதல் எஃப்டிஏ தன் விதியை, மருத்துவக் கருவிகளின் தர மேலாண்மைக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 13485:2016-ஓடு இணைத்துவிட்டது. ஆகவே இனி நீங்கள் திறக்க வேண்டியது அந்தத் தரநிலையின் 7.3ஆம் பிரிவு. வடிவமைப்புப் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் கோப்புக்கு இருந்த டிசைன் ஹிஸ்டரி ஃபைல் (டிஹெச்எஃப்) என்ற பெயரும் புது விதியில் இல்லை, வடிவமைப்பு மேம்பாட்டுக் கோப்பு என்றாகிவிட்டது. அலுவலகத்தில் எல்லோரும் இன்னும் டிஹெச்எஃப் என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். இந்தியாவில் விற்பதற்கு 2017ஆம் ஆண்டு மருத்துவக் கருவிகள் விதிகள். அதன் ஐந்தாம் அட்டவணையில் தர மேலாண்மை வருகிறது, வடிவமைப்புப் பகுதியும் அதற்குள் இருக்கிறது. பெயர்கள் மாறினாலும் எலும்புக்கூடு ஒன்றுதான்.

எடுத்துக்காட்டுக்கு ஒரே கருவியைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம்: சிரிஞ்சு பம்ப். ஐசியூவில் கட்டிலருகே கம்பத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டியிருக்கும். ஒரு மோட்டார் திருகைச் சுழற்றும், திருகு சிரிஞ்சின் பிஸ்டனை மெல்லத் தள்ளும், மருந்து சொட்டுச் சொட்டாக உடலுக்குள் போகும். கருவி எளிமையானதுதான். ஆனால் இதுவும், உடலுக்குள் மருந்து செலுத்தும் மற்ற இன்ஃப்யூஷன் பம்புகளும் சேர்ந்து 2005 முதல் 2009 வரை எஃப்டிஏவுக்கு வந்த பாதகச் சம்பவ அறிக்கைகள் சுமார் 56,000. அதே காலத்தில் 87 முறை பம்புகள் திரும்பப் பெறப்பட்டன.

படி 1: திட்டம்

இதில் அதிகம் மினக்கெட வேண்டாம். என்னென்ன கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் யார் பொறுப்பு, எந்தக் கட்டத்தில் உட்கார்ந்து பரிசீலிப்போம் என்று நாலைந்து பக்கம் போதும். ஆனால் அதை உயிரோடு வைத்திருங்கள். ஆள் மாறினால், கட்டம் சேர்ந்தால் திருத்துங்கள். முதல் நாள் எழுதிப் பூட்டிவைத்த திட்டத்தை ஆடிட்டர் முகர்ந்தே கண்டுபிடித்துவிடுவார்.

படி 2: யாருக்கு என்ன வேண்டும்

பயனர் தேவையைப் பயனரின் சொல்லிலேயே எழுத வேண்டும். "நோயாளியை வேறிடம் கொண்டுபோகும்போது மருந்து நிற்கக் கூடாது." இப்படித்தான். இந்த இடத்தில் வோல்ட்டும் ஆம்பியரும் வேண்டாம்.

தேவை மீட்டிங் அறையில் கிடைக்காது. ஒருமுறை இதற்காகவே ஒரு மருத்துவமனை ஐசியூவில் இரண்டு நாள் நின்றேன். ஒரு நோயாளியை ஸ்கேனுக்குக் கொண்டுபோனார்கள். பம்பைச் சுவர் பிளக்கிலிருந்து கழற்றியதும் மணி பார்த்துக்கொண்டேன். லிஃப்ட்டுக்கு நின்றோம். கீழே வரிசையில் நின்றோம். ஸ்கேன் முடிந்து மறுபடி லிஃப்ட்டுக்கு நின்றோம். திரும்பிவந்து பிளக்கைச் செருகும்போது 1 மணி 40 நிமிடம் ஆகியிருந்தது. "இன்னைக்குப் பரவால்ல சார், சீக்கிரம் வந்துட்டோம்" என்றார் சிஸ்டர். அடுத்த கட்டிலில் ஒரு பம்ப் சுவரில் செருகப்படாமலே கிடந்தது. காலையில் யாரோ கொண்டுபோய் வந்து, செருக மறந்துவிட்டார்கள்.

அந்த இரண்டு நாள் குறிப்பேடுதான், ஆடிட்டரின் கேள்விக்கு வருடம் கழித்து எனக்குக் கிடைத்த பதில்.

படி 3: தேவையை எண்ணாக மாற்றுவது

இதைத்தான் டிசைன் இன்புட் என்கிறோம், வடிவமைப்பு உள்ளீடு. மொத்த வேலையில் பாதி இங்கேதான் இருக்கிறது என்பது என் கணக்கு. இங்கே அவசரப்பட்டால் கடைசியில் வட்டியோடு கட்ட வேண்டும்.

மேலே சொன்ன தேவை உள்ளீடாக மாறும்போது இப்படி இருக்கும்: "50 மி.லி. சிரிஞ்சு மாட்டி, மணிக்கு 5 மி.லி. வேகத்தில், 300 முறை சார்ஜ் ஏறி இறங்கிய பேட்டரியில், 25 டிகிரி செல்சியஸில், பம்ப் குறைந்தது 4 மணி நேரம் ஓட வேண்டும். பேட்டரி தீர்வதற்கு 30 நிமிடம் முன்பே எச்சரிக்கை ஒலிக்க வேண்டும்." வேகம், சிரிஞ்சு, பேட்டரியின் வயது, வெப்பநிலை எல்லாம் இருப்பதைக் கவனியுங்கள். புதுப் பேட்டரியில் 4 மணி நேரம் ஓடுவது யாருக்கும் பயனில்லை, ஆஸ்பத்திரியில் இருப்பது இரண்டு வருடப் பேட்டரி. 1 மணி 40 நிமிடத்தை ஏன் 4 மணி நேரமாக்கினோம்? போய்வர நேரமானால், கிளம்பும்போதே பாதிச் சார்ஜ்தான் இருந்தால் என்ற கணக்கு. அந்தக் காரணத்தையும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

நல்ல உள்ளீட்டுக்கு என்னிடம் ஒரு சோதனை உண்டு. அதைப் படித்த ஒருவர், வேறு எதுவும் கேட்காமல், தேறியது அல்லது தேறவில்லை என்று சொல்லக்கூடிய ஒரு சோதனையை எழுத முடிகிறதா? "போதுமான", "எளிதாக", "விரைவாக", "தேவையான அளவு" இந்தச் சொற்கள் வந்தால் உள்ளீடு இன்னும் வேகவில்லை, அடுப்பிலேயே இருக்கட்டும்.

உள்ளீடுகள் பயனரிடமிருந்து மட்டும் வருவதில்லை. மின் பாதுகாப்புக்கு ஐஇசி 60601-1, இன்ஃப்யூஷன் பம்புக்கென்றே 60601-2-24, மென்பொருளுக்கு ஐஇசி 62304, பயன்பாட்டு எளிமைக்கு ஐஇசி 62366-1 என்று தரநிலைகளும் உள்ளீடுகள்தான். "60601-க்கு இணங்க வேண்டும்" என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். அதற்குள் எந்தப் பிரிவு உங்கள் கருவிக்குப் பொருந்தும் என்று உட்கார்ந்து பிரித்தெடுக்க வேண்டும். போரடிக்கும் வேலை, வேறு வழியில்லை.

மூன்றாவது ஊற்று, ஆபத்து ஆய்வு. ஆபத்து மேலாண்மைக்கான தரநிலையான ஐஎஸ்ஓ 14971:2019 சொல்வது அதைத்தான். நிறைய இடங்களில் இதைக் கடைசியில் ஒரு எக்செல் தாளாகச் செய்து ஒட்டுகிறார்கள். அது உள்ளீடுகளோடு சேர்ந்தே நடக்க வேண்டும். ஒரு பம்பில் 5 என்ற பொத்தானை ஒருமுறை அழுத்தினால், அது இரண்டு அழுத்தமாகப் பதிவாகலாம். 5 மி.லி. 55 ஆகிவிடும். கீ பவுன்ஸ் என்ற இந்தக் கோளாறு, 2010இல் பம்புகளைப் பற்றி எஃப்டிஏ எச்சரித்தபோது எடுத்துக்காட்டிய குறைகளில் ஒன்று. இதைத் தடுக்க என்ன செய்வீர்கள்? 14971 ஒரு வரிசை சொல்கிறது. முதலில் ஆபத்தே வராதபடி வடிவமைக்கப் பாருங்கள். முடியாவிட்டால் தடுப்பு ஒன்றை வையுங்கள். அதுவும் முடியாவிட்டால்தான் எச்சரிக்கை வாசகம். "பொத்தானைக் கவனமாக அழுத்தவும்" என்று கையேட்டில் எழுதுவது கடைசி வழி. மருந்துக்கேற்ற உச்சவரம்பைத் தாண்டினால் பம்ப் ஓட மறுக்க வேண்டும் என்று முடிவெடுத்தால், அந்த முடிவு உடனே உள்ளீட்டுப் பட்டியலில் ஒரு வரியாக ஏற வேண்டும். ஏறாவிட்டால் யாரும் அதைச் செய்யப்போவதில்லை, சோதிக்கப்போவதுமில்லை.

படி 4: வெளியீடு

வரைபடங்கள், உதிரிப்பாகப் பட்டியல், மூலநிரல், லேபிள், கையேடு, பெட்டி, தொழிற்சாலையில் செய்ய வேண்டிய சோதனை. எதையெல்லாம் கொடுத்தால் இன்னொருவர் உங்களைக் கேட்காமல் அந்தக் கருவியைச் செய்ய முடியுமோ அதெல்லாம் டிசைன் அவுட்புட். இவற்றில் எவை தவறினால் கருவி ஒழுங்காக, பாதுகாப்பாக இயங்காதோ அவற்றைத் தனியே குறித்துக் காட்ட வேண்டும். புதியவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

சிரிஞ்சு பம்பில் அப்படி ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம். 50 மி.லி. சிரிஞ்சின் உள்விட்டம் 26 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். குறுக்குப் பரப்பு சுமார் 531 சதுர மி.மீ. மணிக்கு 5 மி.லி. போக வேண்டுமென்றால் பிஸ்டன் ஒரு மணி நேரத்தில் 9.4 மி.மீ. நகர வேண்டும். ஒரு மணி நேரம் முழுக்க ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை! இப்போது நர்ஸ் வேறு கம்பெனி சிரிஞ்சை மாட்டுகிறார், அதன் உள்விட்டம் 28 மி.மீ. மென்பொருளுக்கு அது தெரியாது, அதே 9.4 மி.மீ. தள்ளும். போகும் மருந்து 5.8 மி.லி., அதாவது 16% அதிகம். திரை மட்டும் 5.0 என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

ஆகவே மென்பொருளுக்குள் எங்கோ இருக்கும் அந்தச் சிரிஞ்சு விட்ட அட்டவணை, மோட்டாருக்குச் சமமான இன்றியமையாத வெளியீடு. அதற்குத் தனிப் பதிப்பு எண், தனி ஒப்புதல், தனிச் சோதனை எல்லாம் வேண்டும். நிரல் எழுதுபவர் சாப்பாட்டு வேளையில் திருத்திவிட்டுப் போகிற விஷயமாக அது இருக்கக் கூடாது.

படி 5: பரிசீலனைக் கூட்டம்

ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் உட்கார்ந்து, மேலே போகலாமா என்று கேட்பது. அந்தக் கட்டத்தில் நேரடிப் பொறுப்பில்லாத ஒருவராவது இருக்க வேண்டும் என்று பழைய 820.30 வெளிப்படையாகவே கேட்டது. நல்ல வழக்கம், விடாதீர்கள். கூட்டக் குறிப்பில் "எல்லாம் திருப்தி" என்று மட்டும் இருந்தால் அங்கே கூட்டம் நடக்கவில்லை, டீ குடித்திருக்கிறார்கள். வந்த ஆட்சேபம், எடுத்த முடிவு, யார் எந்தத் தேதிக்குள் முடிப்பார் என்று இருக்கட்டும்.

படி 6: வெரிஃபிகேஷன்

சொன்னதைச் செய்தோமா என்று பார்ப்பது. உள்ளீட்டில் எழுதிய எண்ணை வெளியீடு தொடுகிறதா?

முதலில் சோதனைத் திட்டம். எப்படிச் சோதிப்போம், எத்தனை மாதிரி, எது தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்தான பிறகுதான் கருவியைத் தொட வேண்டும். ஓட்டத் துல்லியம் ±3% என்று உங்கள் உள்ளீடு சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். பம்பிலிருந்து வரும் தண்ணீரைத் துல்லியத் தராசில் பிடித்து எடை பார்ப்பது வழக்கமான முறை, 1 மி.லி. தண்ணீர் ஏறத்தாழ 1 கிராம். ஆனால் மணிக்கு 1 மி.லி. வேகத்தில் சோதிக்கும்போது குவளையில் விழுந்த தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும், நீங்கள் அனுமதித்த 3% பிழையையே அது தின்றுவிடும். அதனால் மேலே ஒரு படலம் எண்ணெய் விட்டு வைப்பார்கள். இதுபோன்ற சின்னச் சங்கதிகள் திட்டத்தில் எழுதப்படவில்லை என்றால், ஆறு மாதம் கழித்து அதே சோதனையை வேறொருவர் செய்து வேறு விடை கொண்டுவருவார்.

எத்தனை மாதிரி என்பதற்கும் காரணம் வேண்டும், ஐஎஸ்ஓ 13485 அதைக் கேட்கிறது. தேறியது, தேறவில்லை என்று மட்டும் சொல்லும் சோதனைகளில், 59 மாதிரிகளும் ஒன்றுவிடாமல் தேறினால், 95% நம்பிக்கையோடு குறைந்தது 95% கருவிகள் தேறும் என்று சொல்லலாம். 29 என்றால், அதே நம்பிக்கையோடு 90% கருவிகள் என்றுதான் சொல்லலாம். மூன்றே மூன்று மாதிரி தேறினால்? அதே 95% நம்பிக்கையோடு சொல்ல முடிவது சுமார் 37% கருவிகளைப் பற்றித்தான். "மூணு பார்த்தோம், மூணும் ஓடுது சார்" என்று சொல்லும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாச் சோதனைக்கும் 59 வேண்டாம். ஆபத்து எவ்வளவு பெரியதோ அதற்கேற்ப எண்ணைத் தேர்ந்து, ஏன் என்று எழுதினால் போதும். அளந்து எண் எடுக்கும் சோதனைகளில் இதைவிடக் குறைவான மாதிரியே பெரும்பாலும் போதும்.

தோற்ற சோதனையை மறைக்காதீர்கள். தோல்வி, காரணம், திருத்தம், மறுசோதனை எல்லாம் கோப்பில் இருந்தால் அந்தக் கோப்பை நம்பலாம்.

படி 7: வேலிடேஷன்

இது வேறு கேள்வி. சொன்னதைச் செய்துவிட்டோம், ஆனால் அவர்களுக்கு வேண்டியதைச் செய்தோமா? படி 3க்குத் திரும்பாமல் படி 2க்குத் திரும்பிப் போக வேண்டும், அந்த ஐசியூவுக்கு.

நாங்கள் செய்த ஒரு கருவியில் எச்சரிக்கை ஒலி ஆய்வகத்தில் எல்லா அளவுகளிலும் தேறியது. ஒலி அளவு சரி, அதிர்வெண் சரி. வார்டு மாதிரி ஓர் அறையில் கம்பத்தில் ஆறு கருவிகளை மாட்டி, நர்ஸ்களை வைத்துப் பார்த்தோம். ஒலி எல்லோருக்கும் கேட்டது. எந்தக் கருவி கத்துகிறது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. ஒரு சிஸ்டர் ஒவ்வொரு கருவியாகக் காதை வைத்துப் பார்த்தார்! பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு முகம் தொங்கிப்போனது. மேலே தூரத்திலிருந்து தெரிகிற மாதிரி ஒரு விளக்கு வேண்டும் என்ற தேவையை யாரும் எழுதவே இல்லை. எழுதாததை வெரிஃபிகேஷன் கண்டுபிடிக்காது.

வேலிடேஷனை ஆய்வகத்தில் கையால் ஒட்டிய மாதிரியில் செய்யக் கூடாது. உற்பத்தியிலிருந்து வந்த முதல் தொகுதியிலோ அதற்கு நிகரானதிலோ செய்ய வேண்டும். நிகர் என்றால் ஏன் நிகர் என்று எழுத வேண்டும். பயன்படுத்துபவர்களும் உண்மையான ஆட்களாக இருக்கட்டும், பக்கத்து மேசை என்ஜினியர் நர்ஸ் ஆக மாட்டார். பயன்பாட்டு எளிமைக்கான வேலிடேஷனில் ஒவ்வொரு வகைப் பயனரிலும் குறைந்தது 15 பேர் என்று எஃப்டிஏவின் 2016 வழிகாட்டுதல் சொல்கிறது. ஐசியூ நர்ஸ் ஒரு வகை, வீட்டில் அம்மாவுக்குப் பம்ப் போடும் மகள் இன்னொரு வகை.

படி 8: தொழிற்சாலைக்கு

ஆய்வகத்தில் பொருத்துபவருக்குத் திருகை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று கை சொல்லும். தொழிற்சாலையில் மூன்றாம் ஷிப்ட்டில் வருபவருக்குச் சொல்லாது. முறுக்கு விசை எவ்வளவு, எந்தக் கருவியால், எப்படிச் சரிபார்ப்பது என்று தாளில் இருக்க வேண்டும். மீதி இதே போலத்தான்.

படி 9: மாற்றம்

கருவி வெளியே போய்விட்டது, நிம்மதி என்று நினைக்கும்போதுதான் ஆட்டம் தொடங்குகிறது. 1992 முதல் 1998 வரை நடந்த 3,140 திரும்பப் பெறல்களை எஃப்டிஏ ஆராய்ந்ததில், 242 மென்பொருளால் நேர்ந்தவை. அவற்றில் 192, கருவி முதலில் விற்பனைக்கு வந்த பிறகு செய்த மாற்றங்களால் நுழைந்த கோளாறுகள். கிட்டத்தட்ட ஐந்துக்கு நான்கு.

தெராக்-25 கதையைத் துறையில் எல்லோரும் ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். கனடாவின் ஏஇசிஎல் நிறுவனம் செய்த கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரம். 1985 முதல் 1987 வரை ஆறு பேருக்கு அளவுக்கு மிக மிக அதிகமான கதிர்வீச்சைச் செலுத்திவிட்டது, உயிர்களும் போயின. அதன் மென்பொருளில் ஒரு பகுதி முந்தைய தெராக்-20இலிருந்து எடுத்தது. பழைய இயந்திரத்திலும் அதே கோளாறு இருந்தது. ஆனால் அங்கே தனியாக மின் பூட்டுகள் இருந்ததால், மென்பொருள் தவறினாலும் இயந்திரம் நின்றுவிடும். புதியதில் அந்தப் பூட்டுகளை எடுத்துவிட்டு மென்பொருளை நம்பினார்கள். "ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதுதான்" என்ற வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

உங்கள் பம்பில் மாற்றம் இவ்வளவு பெரிதாக வராது. எச்சரிக்கை ஒலி எழுப்பும் பஸ்ஸரின் சப்ளையர் கடையை மூடிவிட்டார், அதே அளவில் வேறொன்று கிடைக்கிறது, விலையும் குறைவு என்று வரும். கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். இது எந்த உள்ளீட்டைத் தொடுகிறது? ஒலி அளவைத் தொடுகிறது. அதிக மின்சாரம் எடுத்தால் அந்த 4 மணி நேரத்தையும் தொடுகிறது. அப்படியானால் எந்தச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும்? இதைக் கண்டுபிடிக்க உதவுவதுதான் டிரேஸ் மேட்ரிக்ஸ். தேவை, உள்ளீடு, வெளியீடு, வெரிஃபிகேஷன், வேலிடேஷன் என்று ஐந்து பத்திகள் உள்ள ஓர் அட்டவணை. ஆறாவதாக, ஆபத்து ஆய்வில் அதற்குரிய வரிசை எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆடிட்டருக்குக் காட்டத்தான் இது என்று நினைப்பார்கள், என் அனுபவத்தில் பஸ்ஸர் மாறுகிற அன்றைக்குத்தான் இது சோறு போடும்.

சேர்ந்த முதல் வாரத்தில்

பெரிய கோப்பை முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள், தூக்கம்தான் வரும். உங்கள் குழுவின் கருவியில் ஏதாவது ஓர் எண்ணை எடுங்கள், அலாரம் ஒலிக்க வேண்டிய அழுத்தம் மாதிரி ஏதாவது. மேட்ரிக்ஸில் அதைப் பிடித்து, இடப்பக்கம் தேவைவரை போங்கள், வலப்பக்கம் சோதனை அறிக்கைவரை போங்கள். வழியில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் சீனியரிடம் கேளுங்கள், "அண்ணா, இது எங்க இருக்கு?" என்று. பாதி நேரம் அவரும் தேடுவார். அப்புறம் திட்டத்தின் தேதியையும் அறிக்கையின் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது முந்தி என்று பாருங்கள்.